காசு கொடுத்துக் கருத்துக் கேட்கும் தளங்கள்: சொந்தமாகப் பாட்டு செய்கிறவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

மேலூர்க்காரன்

எல்லோருக்கும் வணக்கம். மேலூர் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். நானும் என் சித்தப்பா மகளும் சேர்ந்து பாட்டு செய்கிறோம். எழுதுவதும் பாடுவதும் அவள், மெட்டும் பதிவும் நான். நடவுப் பாட்டு, கும்மி இவற்றின் நடையில் சொந்தமாகக் கட்டிய பாட்டுகள். தப்பு (பறை) வாசிக்க ஊரில் ஒரு அண்ணன் இருக்கிறார். மாடி அறையில்தான் பதிவு.

யூடியூபில் போட்டால் சொந்தக்காரர்களும் ஊர்க்காரர்களும் பாராட்டுகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் அடுத்த பாட்டை இதைவிட நன்றாகச் செய்ய எதை மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை.

ஒரு தளத்தில் சினிமாவில் வேலை செய்கிற சவுண்ட் இன்ஜினியர்கள், இசையமைப்பாளர்களிடம் உதவியாளராக இருப்பவர்கள் பட்டியல் இருக்கிறது. நம் பாட்டைக் கேட்டு 20 நிமிஷம் வீடியோ காலில் பேச 3,000 ரூபாய். வெளிநாட்டுத் தளங்களில் ஒரு ஆளுக்கு 200 ரூபாய் அளவில் முடிகிறது, ஆனால் பதில் எழுத்தில் நாலு வரி. 2025-26இல் நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி 336 ரூபாய். எங்கள் வீட்டில் 3,000 என்பது ஒன்பது நாள் உழைப்பு. கொடுக்கலாமா, வேண்டாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

டவுன்ஹால் ரோடு

தம்பி, நான் மதுரையில் சின்ன ரெக்கார்டிங் அறை வைத்திருக்கிறேன். நையாண்டி மேளம், பக்திப் பாட்டு, கல்யாண வீடியோவுக்கு இசை, எல்லாம் வரும். முதலில் இந்தத் தளங்கள் எல்லாம் ஒன்று இல்லை என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்.

ஒரு வகையில் பாட்டை பிளேலிஸ்ட் வைத்திருப்பவர்கள், வலைப்பதிவு எழுதுபவர்கள், சின்ன லேபிள்கள் (பாட்டு வெளியிடும் நிறுவனங்கள்) இவர்களுக்கு அனுப்பலாம். பிடித்தால் பகிர்வார்கள், பிடிக்காவிட்டால் காரணம் எழுதுவார்கள். 2015இல் தொடங்கிய சப்மிட்ஹப் இந்த வகை. பிரான்சில் தொடங்கிய குரூவரும் அப்படித்தான்: ஒரு ஆளுக்கு 2 யூரோவில் ஆரம்பம், 7 நாளில் பதில் வராவிட்டால் நாம் கட்டியது கிரெடிட்டாக நம் கணக்குக்கே திரும்பிவிடும். இங்கே நாம் காசு கொடுப்பது கேட்பதற்கு, பகிர்வதற்கு இல்லை. பகிர்வதற்கே காசு என்றால் அது ஸ்பாட்டிஃபை விதிக்கு விரோதம்.

இன்னொரு வகை, நீங்கள் சொல்கிற மாதிரி ஒரு தொழில்காரரின் நேரத்தை வாங்குவது. அவர் எதையும் வெளியிட மாட்டார், பேசுவார், அவ்வளவுதான்.

மூன்றாவது, படத்துக்கோ விளம்பரத்துக்கோ பாட்டு வேண்டும் என்று அறிவிப்பு வரும். அதற்கு அனுப்பினால் சலித்து மேலே அனுப்புவார்கள். அமெரிக்காவில் டாக்ஸி என்ற நிறுவனம் 1992லிருந்து ஆண்டுச் சந்தா வாங்கி இதைச் செய்கிறது. தேறாத பாட்டுக்குக் கருத்தும் எழுதித் தருவார்கள்.

உங்கள் கேள்வி 'எதை மாற்ற வேண்டும்' என்பது. அதற்கு இரண்டாவது வகைதான் சரி. பாட்டை நாலு பேருக்குக் கொண்டுபோவதற்கு வேறு வழி பார்க்க வேண்டும். ஸ்பாட்டிஃபையில் வெளியிடுவதாக இருந்தால், அவர்களுடைய ஆர்ட்டிஸ்ட் பக்கத்திலிருந்து வெளியீட்டுக்கு 7 நாள் முன்னாடியே அவர்களின் ஆசிரியர் குழுவுக்குப் பாட்டை அனுப்பலாம். அதற்குக் காசே கிடையாது. இதைச் செய்து தருகிறேன் என்று கட்டணம் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள், கொடுக்காதீர்கள்.

யானைமலை

நான் வெளிநாட்டுத் தளங்களில் தமிழ்ப் பாட்டு அனுப்பியிருக்கிறேன். நாட்டுப்புற நடை இல்லை, கித்தார் வைத்த மெல்லிசை. வந்த பதில்களில் ஒலி பற்றி எழுதியவை பயன்பட்டன. பேஸ் (அடி ஒலி) தெளிவில்லை, பல்லவி வர ரொம்ப நேரம் ஆகிறது, குரலில் எதிரொலி அதிகம் என்ற மாதிரி. ஒரே குறையை வேறு வேறு நாட்டுக்காரர்கள் தனித்தனியாகச் சொன்னால் அது உண்மையான குறை. அதை நம்பலாம்.

வரிகளைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, அது அவர்கள் தப்பும் இல்லை. 'குரல் அழகு, ஆனால் எங்கள் பிளேலிஸ்டுக்குப் பொருந்தாது' என்பதுதான் அதிகம் வரும். கும்மி நடையைக் கேட்டு அவர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. கைதட்டு எங்கே விழ வேண்டும் என்று தெரிந்த காது வேண்டும்.

பணம் கட்டுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். யுபிஐ அங்கே எடுபடாது. கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி ஆப்பில் நாமே திறந்துவிட வேண்டும், 2020லிருந்து அது மூடித்தான் வருகிறது. வேலை முடிந்ததும் மறக்காமல் மூடிவிடுங்கள். வங்கி தனியாகக் கொஞ்சம் கட்டணமும் பிடிக்கும்.

பசுமலை இசை

இசை கற்றுக்கொடுக்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். கருத்துக்குக் காசு என்பது எனக்கு ஒப்பவில்லை. ஆசிரியருக்கு எப்போதும் தட்சிணை உண்டு, அதை நான் மறுக்கவில்லை. என் மறுப்பு வேறு. அந்த இன்ஜினியர் உங்களை 20 நிமிஷம் கேட்பார், அப்புறம் உங்களை மறந்துவிடுவார். ஆசிரியரிடம் போனால் போன வாரம் என்ன பிழை, இந்த வாரம் அது திருந்தியதா என்று பார்ப்பார். திருத்தம் என்பது திரும்பத் திரும்பக் கேட்பதில்தான் இருக்கிறது. ஒரே தடவை கேட்டவர் பிழையைக் காட்டலாம், நீங்கள் திருந்தினீர்களா என்று அவருக்குத் தெரியாது.

நம் ஊரில் இடம் இல்லாமல் இல்லை. பசுமலையில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. தல்லாகுளத்தில் சத்குரு சங்கீத சமாஜம் இருக்கிறது, தமிழிசைச் சங்கத்தின் ராஜா முத்தையா மன்றம் இருக்கிறது. எம்.எஸ். சுப்புலட்சுமியும் டி.எம். சௌந்தரராஜனும் பிறந்த ஊர் இது. பாடுகிற பெண்ணை ஒரு ஆசிரியரிடம் அழைத்துப் போங்கள். முதலில் குரல், அப்புறம் மைக்.

ஆனையூர் மகள்

அய்யா, மரியாதையோடு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் அப்பா தப்பு வாசிப்பவர். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஒரு சங்கீத ஆசிரியர் வீட்டு வாசலில் போய் நின்று 'எங்கள் பாட்டைக் கேளுங்கள்' என்று சொல்வது அவ்வளவு சுலபமாக இருந்ததில்லை. எந்தத் தெரு, யார் பிள்ளை, யார் சொல்லி வந்தாய் என்ற கேள்வி முதலில் வரும், பாட்டு பிறகுதான் வரும். எல்லா ஆசிரியரும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் எந்த ஆசிரியர் அப்படி இல்லை என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள எங்களுக்கு வழி இல்லை.

சினிமாவுக்கும் அதேதான். சென்னையில் தெரிந்தவர் இருக்க வேண்டும், அவர் அழைத்துப் போக வேண்டும், ஸ்டுடியோ வாசலில் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். பெண் பிள்ளை தனியாகப் போய்க் காத்திருப்பதை எந்த வீட்டில் விடுவார்கள்?

இந்தத் தளங்களில் எனக்குப் பிடித்தது, பட்டியலில் விலை எழுதியிருக்கிறது. அந்த விலையைக் கட்டினால் என் பாட்டைக் கேட்டே ஆக வேண்டும். நான் யார் என்று கேட்க அவருக்கு உரிமை இல்லை. 3,000 ரூபாய் அதிகம்தான், குறைய வேண்டும். ஆனால் அது வேண்டாத வழி என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பசுமலை இசை

நீங்கள் சொன்னது உண்மை, மகளே. இப்படிப் பார்த்தால் விலைப்பட்டியல் ஒரு பாதுகாப்புதான். என் வீட்டு வாசலில் யாரும் அந்தக் கேள்வியைச் சந்திக்க மாட்டார்கள் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். திரும்பத் திரும்பக் கேட்க ஒருவர் வேண்டும் என்ற என் கருத்தில் மாற்றம் இல்லை.

உசிலை டு வடபழனி

நான் மேசையின் அந்தப் பக்கம் இருப்பவன். ஊர் உசிலம்பட்டி, வடபழனியில் ஒரு ஸ்டுடியோவில் மிக்ஸிங் (குரலையும் வாத்தியங்களையும் அளவாகச் சேர்ப்பது) உதவியாளர். இந்த மாதிரி ஒரு தளத்தில் கருத்துச் சொல்கிற ஆளாகவும் இருக்கிறேன். தளம் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு மீதியை எனக்குத் தருகிறது. அதனால் என் பேச்சில் எனக்கும் ஆதாயம் இருக்கிறது, தெரிந்துகொண்டே படியுங்கள்.

பெரும்பாலானவர்கள் பாட்டை அனுப்பிவிட்டு 'எப்படி இருக்கிறது அண்ணே?' என்று மட்டும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நல்ல பதிலே கிடையாது. 'நன்றாக இருக்கிறது' என்றால் காசு வீண், 'நன்றாக இல்லை' என்றால் மனசு உடையும். கடைசி ரெண்டு நிமிஷத்தில் 'உங்கள் இசையமைப்பாளரிடம் கொடுக்க முடியுமா?' என்று கேட்பார்கள். முடியாது. அந்த அதிகாரம் உதவியாளருக்கு இல்லை. தளமும் அதை அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. அனுமதித்தால் அன்றிலிருந்து நான் காசு வாங்குவது காதுக்கா, கதவுக்கா என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

இதைச் செய்தால் அந்த 20 நிமிஷம் முழுசாக உங்களுக்குக் கிடைக்கும்: எம்.பி.3 வேண்டாம், ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பு அனுப்புங்கள். பாட்டு முழுசாக ஒன்று, குரல் மட்டும் ஒன்று, தாளம் மட்டும் ஒன்று. வரிகளை எழுத்தில் கொடுங்கள். 'இந்தப் பாட்டின் ஒலி மாதிரி வர வேண்டும்' என்று ஒரு பாட்டைக் காட்டுங்கள். அப்புறம் கேள்விகள், மூன்றுக்கு மேல் வேண்டாம். 'ரெண்டாவது சரணத்தில் தப்பு ஏறும்போது வார்த்தை கேட்கிறதா?' என்பது கேள்வி. அதற்கு நான் நேராகப் பதில் சொல்ல முடியும். எந்த நிமிஷம், எந்த விநாடி என்று குறித்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. வீடியோ காலைப் பதிவு செய்ய முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். பேச்சு ஓடும்போது பாதிதான் மண்டையில் ஏறும்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது பெரிய பெயரைத் தேடாதீர்கள். பெயர் பெரிதானால் விலைதான் ஏறும். தோல் வாத்தியம் பதிந்து பழக்கம் உள்ளவரா என்று பாருங்கள். தவிலில் வலந்தலை ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம். ரெண்டுக்கும் ஒரே மைக் வைத்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்தான் உங்கள் தப்பைப் பற்றிப் பேச முடியும். கீபோர்டிலேயே தாளம் போடுகிறவர் நல்ல கலைஞராக இருக்கலாம், உங்களுக்கு ஆகமாட்டார்.

செல்லூர் கதைசொல்லி

கதை எழுதுகிறவர்களுக்கும் இதே பேச்சுதான், அதனால் நடுவில் வருகிறேன். அமெரிக்காவில் பிளாக் லிஸ்ட் என்று ஒன்று. ஃபிராங்க்ளின் லெனார்ட் என்பவர் 2005இல் படமாகாத நல்ல திரைக்கதைகளின் பட்டியலாகத் தொடங்கினார். 2012லிருந்து யார் வேண்டுமானாலும் அதன் தளத்தில் திரைக்கதையைப் போட்டு, காசு கட்டி மதிப்பீடு வாங்கலாம். 10க்கு இத்தனை என்று மதிப்பெண்ணும் வரும், கூடவே எது நன்றாக இருக்கிறது, எது பலவீனம் என்ற குறிப்பும் வரும். மதிப்பெண் ஏறினால் தயாரிப்பாளர்கள் கண்ணில் படும்படி மேலே காட்டுவார்கள். அங்கே கருத்தும் கதவும் ஒரே இடத்தில் இருக்கிறது. தமிழில் அந்த அளவுக்கு நம்பகமாக ஒன்று வந்ததாக நான் பார்க்கவில்லை. வந்தால் முதல் ஆளாகக் காசு கட்டுவேன்.

ஆனால் இங்கே எல்லோருக்கும் உள்ள பயம், அனுப்பினால் எடுத்துக்கொள்வார்களோ என்பது. கதைக்காரர்கள் சென்னையில் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிந்துவிட்டு வெளியே காட்டுவது வழக்கம். பாட்டுக்கும் வழி இருக்கிறது. நம் நாட்டுச் சட்டப்படி படைத்த உடனேயே உரிமை உங்களுடையது, பதிவு கட்டாயம் இல்லை. இருந்தாலும் சண்டை வந்தால் பதிவு சாட்சியாக நிற்கும். மத்திய அரசின் பதிப்புரிமை (காப்பிரைட்) அலுவலகத் தளத்தில் விண்ணப்பிக்கலாம். வரிகளுக்கு 500 ரூபாய், மெட்டுக்கு 500, ஒலிப்பதிவுக்கு 2,000. மூன்றும் தனித்தனி உரிமை. மேலூர்க்காரர் கவனிக்க: வரி தங்கையுடையது, மெட்டு உங்களுடையது. இதை இப்போதே ஒரு தாளில் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். தப்பு வாசிக்கிற அண்ணனுக்கு என்ன என்பதையும் எழுதுங்கள். சொந்தத்துக்குள் எதற்கு என்று நினைக்காதீர்கள், சொந்தம் கெடாமல் இருக்கத்தான் சொல்கிறேன்.

வைகை வடகரை

ஒரு எச்சரிக்கை. எங்கள் வீட்டில் நடந்தது. என் தம்பி நன்றாகப் பாடுவான். 'உங்கள் குரலைக் கேட்டோம், ஒரு இசையமைப்பாளர் அலுவலகத்திலிருந்து பேசுகிறோம்' என்று வாட்ஸ்அப்பில் வந்தார்கள். முதலில் 'கருத்துக் கட்டணம்' சின்னத் தொகை. கருத்து ஒரே புகழ்ச்சி. அடுத்தது 'குரல் தேர்வுக் கட்டணம்', அதற்கடுத்து 'ஒப்பந்தப் பதிவுக் கட்டணம்'. ஒவ்வொரு முறையும் தொகை ஏறியது. அம்மா வளையலை அடகு வைத்துக் கட்டினார்கள். அப்புறம் அந்த எண் எடுபடவில்லை. தம்பி இப்போது கோயில் கொடையில்கூடப் பாடுவதில்லை. பணத்தைவிட அதுதான் எனக்கு ஆறவில்லை.

இழைப் பொறுப்பாளர்

வைகை வடகரை, வருத்தமாக இருக்கிறது. எல்லோருக்கும்: பண மோசடி என்றால் உடனே 1930 எண்ணுக்குப் பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு. பெயர் உள்ள தளம், ஆனால் காசு வாங்கிக்கொண்டு சேவை தரவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் வசிக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், சென்னைக்கோ மும்பைக்கோ போக வேண்டாம். இந்த இழையில் தனிமனிதர் பெயரோ எண்ணோ பதிய வேண்டாம்.

உசிலை டு வடபழனி

வைகை வடகரை சொன்னதைப் படித்து மனசு கனத்துப் போனது. ஒன்று மட்டும் எல்லோரும் பிடித்துக்கொள்ளுங்கள். உண்மையாகக் கருத்துச் சொல்கிறவன் குறை சொல்வான், அடுத்த கட்டணத்தைப் பற்றிப் பேச மாட்டான். முதல் கருத்திலேயே புகழ்ந்து, அடுத்த படிக்குக் காசு கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பாட வாய்ப்புக் கொடுக்கிற இடம் பாடகருக்குத்தான் காசு தரும், பாடகரிடம் வாங்காது. தம்பியைப் பாடச் சொல்லுங்கள். ஒரு பாட்டைப் பதிந்து எனக்கு இந்தத் தளத்தின் தனிச்செய்தியில் அனுப்பச் சொல்லுங்கள், கட்டணம் வேண்டாம். புகழ மாட்டேன், உள்ளதைச் சொல்வேன்.

மேலூர்க்காரன்

எல்லோருக்கும் நன்றி. உசிலை அண்ணன் சொன்ன மாதிரி கோப்புகளைப் பிரித்து, கேள்விகளோடு அனுப்பினோம். நாதஸ்வரம், தவில் பதிந்து பழகிய இன்ஜினியர் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். தங்கையும் நானும் தப்பு அண்ணனும் வீடியோ காலில் சேர்ந்தே உட்கார்ந்தோம்.

அவர் குரலை மட்டும் கேட்டுவிட்டு, 'வார்த்தை சுத்தமாக இருக்கிறது, பிரச்சினை குரலில் இல்லை' என்றார். தப்பு அடி விழுகிற கூர்மையும், க, ச, ட போன்ற எழுத்துகள் தெளிவாகக் கேட்கிற இடமும் ஏறக்குறைய ஒரே அலைவரிசையில் மோதுகின்றன. அதனால்தான் செல்போனில் கேட்கும்போது வார்த்தை காணாமல் போகிறது. மைக்கைத் தோலுக்கு நேராக வைக்காமல் தள்ளி, விளிம்புப் பக்கம் சாய்த்து வைக்கச் சொன்னார். தங்கை சரணத்தில் மேலே போகும்போது கத்துகிற மாதிரி ஆகிறது, அரைக் கட்டை இறக்கிப் பாடிப் பாருங்கள் என்றார். இதுவரை யாரும் எங்களிடம் சொன்னதில்லை. அவள் அப்போதே பாடிக் காட்டினாள், வித்தியாசம் அங்கேயே தெரிந்தது.

ஒன்றில் மட்டும் ஒத்துப்போகவில்லை. தப்புக்கு அடியில் எலக்ட்ரானிக் கிக் (கனத்த டிரம் அடி) ஒன்று சேர்த்தால் பாட்டு 'பெரிதாக' இருக்கும் என்றார். அண்ணன் ஒன்றும் பேசவில்லை, தங்கை பேசினாள்: 'தப்பு போதாது என்று நீங்கள் நினைப்பது பதிவு சரியில்லாததால்தானே? பதிவைச் சரி செய்துவிட்டுக் கேட்கிறோம்.' அவர் கொஞ்சம் யோசித்து, 'சரி, அப்படியே செய்யுங்கள்' என்றார்.

வாய்ப்பு எதுவும் கேட்கவில்லை, வரவும் இல்லை. 3,000 ரூபாய் எனக்கு உறுத்தவில்லை. பாதி விலை என்றால் இன்னும் பல பேர் செய்வார்கள், அந்தக் குறை அப்படியேதான் இருக்கிறது.

ஆனையூர் மகள்

தங்கைக்கு என் அன்பு. காசு கொடுத்து வாங்கிய கருத்து என்பதற்காக முழுவதையும் ஏற்க வேண்டியதில்லை என்று நின்றாள் பாருங்கள், அது பெரிய விஷயம். எங்கள் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். தப்பை வெயிலில் அல்லது தீயில் காய்ச்சி எவ்வளவு நேரம் கழித்து வாசித்தீர்கள் என்று கேட்கச் சொன்னார். தோல் இறங்கிப்போனால் சத்தம் மந்தமாகும், அப்புறம் எந்த மைக்கும் உதவாது என்கிறார். மாடி அறையில் வைத்துப் பதியும்போது நடு நடுவே காய்ச்ச வேண்டுமாம்.

டவுன்ஹால் ரோடு

அப்பா சொன்னது நூற்றுக்கு நூறு. இதை எந்தத் தளத்திலும் யாரும் சொல்ல மாட்டார்கள். நானும் பதிவின்போது ரெண்டு தப்பு வைத்துக்கொள்ளச் சொல்வேன், ஒன்று வாசிக்கும்போது இன்னொன்று காய்ந்துகொண்டிருக்கும்.

மேலூர்க்காரன்

அப்பாவுக்கு வணக்கம் சொல்லுங்கள். அண்ணனிடம் கேட்டேன், பதிவு இழுத்துக்கொண்டே போனதால் கடைசியில் தோல் இறங்கியிருந்தது என்றார். சரணத்தை அப்போதுதான் பதிந்தோம்.

பாட்டை மறுபடி பதியப் போகிறோம். உசிலை அண்ணே, பதிந்த பிறகு அதே இன்ஜினியரிடம் ரெண்டாவது தடவை போவதா, புது ஆளிடம் போவதா? பசுமலை அய்யா சொன்னது மனசில் நிற்கிறது.

உசிலை டு வடபழனி

அதே ஆளிடம் போங்கள். அய்யா சொன்னதுதான் சரி, முதலில் கேட்டவருக்குத்தான் எது மாறியது என்று தெரியும். முழு 20 நிமிஷம் தேவைப்படாது, குறைந்த நேரத்துக்குக் குறைந்த கட்டணம் உண்டா என்று கேளுங்கள், பலர் ஒத்துக்கொள்வார்கள். பழைய மிக்ஸையும் புது மிக்ஸையும் சேர்த்தே அனுப்புங்கள். ரெண்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்து அனுப்ப வேண்டும். சத்தம் கூடியது எப்போதும் நல்லதாகத்தான் கேட்கும், அதில் அவரும் ஏமாறலாம், நீங்களும் ஏமாறலாம்.